கயிற்றுக்கு வெளியே

அஹுன்ட்சிக்
8 செப்டெம்பர் 2024

அன்புள்ள கமலி,

இங்கே எல்லாரும் சுகம். என்னுடைய வலது முழங்கால் மட்டும் முகாமில் இருந்து இன்னும் வீடு வந்து சேரவில்லை. நீரும் சந்திரமௌலி அண்ணையும் சஹானாவும் எப்படி?

இருபத்திரண்டு கூடாரமும் தோய்த்து, காயவைத்து, மடித்து எங்கள் பேஸ்மென்டில் அடுக்கியாயிற்று. உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்குப் போவதென்றால் ஆள் பக்கவாட்டில்தான் போக வேண்டும். சோழர் படை எப்போது இந்த வீட்டை விட்டு வெளிக்கிடும் என்று இவர் காலையும் மாலையும் கேட்கிறார். கமலியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று உம்மைக் காட்டித் தப்பிக்கொண்டு இருக்கிறேன்.

முகாம் காரியம் எதுவும் போனில் கதைக்கக்கூடாது, கையால் எழுதித் தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்று எட்டு வருசத்துக்கு முன் சட்டம் போட்டது நீர். அப்போது பாடிவீடு என்று பெயர் வைத்த எங்கள் சோழர்காலக் குழுவில் நாங்கள் ஆறு குடும்பம். இப்போது நாற்பத்துமூன்று குடும்பம், நூற்றறுபது பேர். கை உளைகிறதுதான், ஆனாலும் இந்த முறை எழுதுவது நல்லது என்று படுகிறது. உம்முடைய குரலைக் கேட்டால் நான் எதையாவது உளறிவிடுவேன்.

சனம் இன்னும் அந்த இறைச்சிக் கறிக் கதையைத்தான் கதைக்கிறது. ஞானாம்பிகை மச்சாள் அதற்குப் பிறகு தம்பி வீடு என்று எங்கள் வாசலை மிதிக்கவில்லை. இவர் இரண்டு தரம் போய்ப் பார்த்தார். தேத்தண்ணி கொடுத்தாவாம், முகாமைப் பற்றி ஒரு சொல் இல்லையாம். கயிற்றுக்கு உள்ளே ஆயிரம் வருசத்துக்கு முந்திய காலம், வெளியே இன்றைய காலம், சட்டத்தை மீறினவர் பின்னேரம் சேமக்கல மணி அடிக்கும்வரை வெளியே போய் இருக்க வேண்டும் என்பது நாங்கள் இருவரும் சிரித்துச் சிரித்து எழுதின விதி அல்லவா. போன வருசம் போனில் கிரிக்கெட் பார்த்ததற்கு இவர் வெளியே இருந்தார். அதற்கு முந்தின வருசம் சிப்ஸ் தின்று உம்முடைய மனுசன். ஒருவருக்கும் நோகவில்லை. அறுபத்துமூன்று வயதில் மச்சாள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கார் விடுகிற இடத்து மர வாங்கில் ஐந்து மணித்தியாலம் இருந்தது எல்லாருக்கும் நொந்துவிட்டது.

இன்னொரு விசயம். நாங்கள் முகாம் போடுகிற பண்ணைக்காரர் இனி அறுபது பேருக்கு மேல் விடமாட்டாராம், நெருப்பு மூட்டுகிற அனுமதி அவ்வளவுக்குத்தானாம். பாடிவீட்டை இடத்துக்கு இடம் சின்னச் சின்னதாகப் பிரிக்க வேண்டும் என்று குழு சொல்கிறது. வரைபடம் போடுகிற வேலையை என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

நடந்ததை நினைத்து நீர் மனதைப் போட்டு உளப்ப வேண்டாம். ஒன்று எழுத நினைத்தேன், பிறகு எழுதுகிறேன்.

அன்புடன்
தாட்சா

•

லொங்குய்ய்
22 செப்டம்பர் 2024

அன்பு தாட்சா,

தபால்பெட்டியில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று படித்தேன். முழங்காலுக்கு டாக்டரைப் பார்த்தாயா, இல்லை கடுகெண்ணெயும் வைராக்கியமும்தானா? உன்னை எனக்குத் தெரியும்.

மனதைப் போட்டு உளப்பாதே என்கிறாய். ஐந்து வாரமாக வேறு என்ன செய்கிறேன் என்று நினைக்கிறாய். லாபில் சாம்பிளை எடுத்து வைத்துக்கொண்டு எதற்கு எடுத்தேன் என்று யோசித்துக்கொண்டு நிற்கிறேன்.

அன்றைக்கு நான் அப்படிக் கொதித்ததற்குக் காரணம் உனக்குத் தெரியும். பிரெஞ்சுக்காரர்களின் மத்தியகாலக் குழுவை முதல்முறையாக விருந்துக்கு அழைத்திருந்தோம். இரும்புச் சட்டையும் தோல் பையுமாகப் பத்துப் பேர் வந்து இலையில் உட்கார்ந்தார்கள். நான் அவர்களிடம் அரை மணி நேரம் பெருமை அடித்தேன்: எங்கள் சமையலில் மிளகாய் இல்லை, தக்காளி இல்லை, உருளைக்கிழங்கு இல்லை, அதெல்லாம் பிற்பாடு கப்பலில் வந்தது, நாங்கள் மிளகோடு நிற்கிறவர்கள் என்று. அவர்களில் ஒரு அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, மிகவும் மரியாதையாக, இது மிளகாய்தானே என்று கேட்டாள். குழம்பின் ஓரத்தில் சிவப்பாக எண்ணெய் மிதப்பதை அப்போதுதான் பார்த்தேன். பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

நான் அண்டாவுக்குப் பக்கத்தில் வந்து யார் போட்டது என்று மூன்று தடவை கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. கரண்டி ஞானாம்பிகை அக்கா கையில் இருந்தது. "நீங்களா அக்கா?" என்று கேட்டேன். என்னைப் பார்த்தார், கரண்டியைக் கழுவி வைத்தார், கைப்பையை எடுத்துக்கொண்டு கயிற்றைத் தாண்டிப் போனார். அவர் ஆமாம் என்று சொல்லவே இல்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. நான் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன்.

அதனால் உன்னிடம் நேராகவே கேட்கிறேன். சமையலுக்குத் தலைவி நீ, நீ அங்கேதானே இருந்தாய். பொடி போட்டது அவர்தானா? அவர் இல்லை என்றால் நான் போய் அவர் காலில் விழ வேண்டும். உன் ஒரு வார்த்தை போதும், உன் வார்த்தைக்கு மேல் நான் யாரையும் விசாரிக்க மாட்டேன்.

உன்
கமலி

•

அஹுன்ட்சிக்
6 ஒக்டோபர் 2024

அன்புள்ள கமலி,

முழங்காலுக்கு டொக்டர் களிம்பு தந்தார். கடுகெண்ணெய் பிழை இல்லை என்று அவரே சொன்னார், நம்பினால் நம்பும்.

நீர் கேட்ட விசயம். நான் அந்த நேரம் விறகு பார்க்கப் போயிருந்தேன். திரும்பி வரும்போது நீர் கேட்டுக்கொண்டு நின்றீர். எனக்கு ஒன்றும் வடிவாகத் தெரியாது. இதைக் கிண்டினால் குடும்பத்துக்குள் இன்னும் மனத்தாங்கல்தான் கூடும். விட்டுவிடும் கமலி.

பிரிக்கிற அலுவலைச் சொல்கிறேன். மூன்று பாடி. அஹுன்ட்சிக், செயின்ட்-லோறன், லவால் எல்லாம் சேர்த்து வடபாடி, பதினாறு குடும்பம். டவுன்டவுன், பார்க்-எக்ஸ்டென்சன் பக்கம் நடுப்பாடி, அதுவும் பதினாறு, உருத்திரமூர்த்தி அண்ணை பார்த்துக்கொள்வார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தென்பாடி, பதினொரு குடும்பம், நீர்தான் தலைவி. எல்லையை ஆறாக வைத்தால் ஒருவரும் சண்டை பிடிக்க ஏலாது. தொடங்கின இடம் என்றபடியால் பெயரும் முரசும் வடபாடியில் இருக்கும் என்று குழு சொல்கிறது. அந்த முரசைச் சந்திரமௌலி அண்ணை ஒரு மாரிகாலம் முழுக்க இருந்து விஸ்கிப் பீப்பாயில் செய்தவர் என்று எனக்குத் தெரியாததா. நான் சொல்லிப் பார்த்தேன்.

டிசெம்பர் முதலாம் திகதி சபை கூடி வாக்கெடுக்கும். நான் வேலை செய்கிற காடேரிக் காப்பகத்தில் பிள்ளைகளுக்குச் சமைக்க ஆளில்லாமல் இந்தக் கிழமை முழுக்க நான் ஒருத்திதான், அதனால் இதை அரைகுறையாக எழுதுகிறேன். கோபிக்காதேயும்.

அன்புடன்
தாட்சா

•

லொங்குய்ய்
13 நவம்பர் 2024

அன்பு தாட்சா,

சரி, இனிமேல் கேட்க மாட்டேன். நீ பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை.

ஆற்றை எல்லையாக வைத்தது நல்ல யோசனை. பழைய நாடுகளுக்கும் அப்படித்தான் இருந்தது, நான் வரைந்திருந்தாலும் ஒருவேளை அப்படித்தான் வரைந்திருப்பேன். ஆனால் சந்திரமௌலியிடம் உன் கடிதத்தைக் காட்டியபோது, ஆரம்பித்த ஆறு குடும்பத்தில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருப்பது நாம் மட்டும்தான் என்றார். அவருக்கு முரசு போகிற வருத்தம். எனக்கு நீ போகிற வருத்தம். எட்டு வருஷமாக முகாமில் உன் கூடாரத்துக்குப் பக்கத்துக் கூடாரத்தில் படுத்துப் பழகிவிட்டேன், நீ குறட்டை விடாத இடத்தில் எனக்குத் தூக்கம் வருமா என்று தெரியவில்லை.

நான் ஒன்று சொல்கிறேன், அதை முதலாம் தேதி சபையில் அப்படியே வாசித்துவிடு. இந்தப் பிரிவினை நெருப்பு அனுமதிக்காக என்றால் சரி. என் மேல் உள்ள கோபத்தால் என்றால் வேண்டாம். விதிகளைக் காக்கிற பொறுப்பிலிருந்து நான் விலகிக்கொள்கிறேன். ஒரு வருஷம் முகாமுக்கே வராமல் இருக்கிறேன். மூன்று வாரக் கடைசியில் மாற்றி மாற்றி முகாம் போட்டால் அறுபது பேர் கணக்கும் சரியாகிவிடும், பாடிவீடும் ஒன்றாகவே இருக்கும். ஒரு மனுஷி ஒதுங்கினால் நூற்றறுபது பேர் சேர்ந்திருப்பார்கள் என்றால் நான் சந்தோஷமாக ஒதுங்குவேன்.

தபால்காரர்கள் வேலைநிறுத்தம் செய்யப் போகிறார்கள் என்று சொல்கிறார்கள். இது அதற்கு முன்னால் உன்னிடம் வந்துவிட வேண்டும்.

உன்
கமலி

•

அஹுன்ட்சிக்
29 டிசெம்பர் 2024

அன்புள்ள கமலி,

உம்முடைய கடிதம் வேலைநிறுத்தம் முடிந்து 23ஆம் திகதிதான் கைக்கு வந்தது. அதற்குள் சபை கூடிப் பிரித்தும் முடிந்துவிட்டது. நீர் அன்று ஒரு சொல்லும் சொல்லாமல் பின்வரிசை வாங்கில் இருந்துவிட்டுப் போனது ஏனென்று எனக்கு இப்போதுதான் விளங்கியது. நான் வாசிப்பேன் என்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறீர். நான் கடிதத்தை வேண்டுமென்று மறைத்தேன் என்று நினைத்திருப்பீரோ என்று நினைக்க எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. மறைக்கவில்லை கமலி, வரவில்லை. இது உண்மை.

இனித் திரும்பவும் சபையைக் கூட்டி இதை வாசித்தால் குழப்பம்தான் வரும். சனம் ஒருமாதிரி அடங்கியிருக்கிறது. நடந்தது நடந்துவிட்டது.

உங்கள் பங்குக்கு ஆறு கூடாரமும் இரண்டு சமையல் கிடாரமும் இவர் தை பிறக்க முன் காரில் கொண்டு வந்து இறக்குவார். சின்னக் கிடாரத்தின் ஒரு காது ஆடுகிறது, கவனம். அதோடு நான் காய்ச்சின ஒடியல் கூழ் கொஞ்சம் டப்பாவில் வருகிறது, அதற்கு உறைப்புப் போட்டிருக்கிறேன். அது கயிற்றுக்கு வெளியே குடிக்கிறது.

புதுவருசம் உங்கள் எல்லாருக்கும் நல்லதாக இருக்கட்டும்.

தாட்சா

•

லொங்குய்ய்
16 பிப்ரவரி 2025

அன்பு தாட்சா,

முழங்கால் வரை பனி. தென்பாடியின் முதல் கூட்டம் நடந்தது. பதினொரு குடும்பத்தில் ஒன்பதுதான் வந்தது, ஒரு பள்ளிக்கூட ஜிம்மில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே உட்கார்ந்து சபை நடத்தினோம். ஈட்டி செய்யத் தெரிந்தவர் இரண்டு பேர் இருக்கிறார்கள், சமைக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. நான் வைத்த மிளகுக் குழம்பைப் பற்றி உன்னிடம் சொல்லாமல் இருப்பதுதான் எனக்கு மரியாதை.

பெரிய செய்தி இதுதான். நான் ஞானாம்பிகை அக்காவைப் போய்ப் பார்த்தேன்.

அவர் இப்போது லொங்குய்யில்தான் இருக்கிறார், மகள் றொஷினி வீட்டில். டவுன்டவுன் ரெஸ்டாரன்ட் வேலையை விட்டுவிட்டாராம், இருபத்திரண்டு வருஷம் நின்றே சமைத்த கால் இனி நிற்க மாட்டேன் என்கிறதாம். என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம், இத்தனை நாள் எனக்குத் தெரியாது. நான் வாசலில் நின்றே சொன்னேன், நீங்கள் போட்டீர்களோ இல்லையோ, உங்களை அத்தனை பேர் முன்னால் நான் கேட்டது தப்பு, என்னை மன்னித்துவிடுங்கள் என்று. அவர் உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "உங்கட பாடியில சமைக்க ஆள் இருக்கோ?" என்று கேட்டார். அங்கேயே அழுதுவிட்டேன் தாட்சா.

இப்போது அவர்தான் எங்கள் சமையல் தலைவி. போன ஞாயிறு ஒரு சட்டி காண்பித்தார். மிளகு, சீரகம், வறுத்த மல்லி, புளி, அவ்வளவுதான். இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன். இப்படிச் சமைக்கத் தெரிந்தவர் எதற்கு மிளகாய்ப் பொடியைத் தேடப் போகிறார் என்று அன்றிலிருந்து எனக்குள் ஒரு கேள்வி. யாரிடமும் கேட்கவில்லை. கேட்க மாட்டேன் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன்.

இத்தனை மாதத்தில் நீ உன் நாத்தனாரைப் பற்றி ஒரு குறை எழுதியதில்லை. அதற்காகவே உன்மேல் எனக்கு மரியாதை அதிகமாகியிருக்கிறது.

உன்
கமலி

•

அஹுன்ட்சிக்
30 மார்ச் 2025

கமலி,

இந்தக் கடிதத்தை ஆறு தரம் எழுதிக் கிழித்தேன். இது ஏழாவது. இதை எப்படியும் தபாலில் போடுவேன்.

தூள் போட்டது நான்.

நான் விறகு பார்க்கப் போகவில்லை. அடுப்படியில்தான் நின்றேன். அவசரத்தில் கை தவறிப் போட்டதும் இல்லை. வீட்டில் இருந்து வெளிக்கிடும்போதே ஜாம் போத்தலில் மிளகாய் சேர்த்த எங்கள் கறித்தூளை நிரப்பிச் சேலைக் கொசுவத்துக்குள் செருகிக்கொண்டுதான் வந்தேன். அதற்கு முந்தின வருசம் முகாம் முடிய நான் கறிக் கோப்பைகளைக் கழுவினபோது பாதிக் கறி அப்படியே கிடந்தது. சனம் சோற்றை மட்டும் தின்றுவிட்டுக் காருக்குள் போய் மிக்ஸர் தின்றதை என் கண்ணால் கண்டேன். காடேரியில் தினமும் அறுபது பிள்ளைகளுக்கு உப்பும் உறைப்பும் இல்லாமல் அவித்துக் கொட்டுகிறவள் நான், ஒருவரும் நல்லாயிருக்கு என்று சொல்வதில்லை. வருசத்தில் இரண்டு நாளாவது என் கை ருசியைச் சனம் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒரு கிடாரத்துக்கு மூன்று கரண்டி. அவ்வளவுதான். உமக்கும் தெரியாது என்றுதான் நினைத்தேன்.

மச்சாள் தண்ணி எடுக்கப் போயிருந்தா. நான் போத்தலை மூடித் திரும்பினேன், அவ வாளியோடு பின்னால் நின்றா. கண்டாவோ இல்லையோ எனக்கு இன்றைக்கும் தெரியாது. "புகை அடிக்குது, நீ போய் முகத்தைக் கழுவு" என்று சொல்லி என் கையில் இருந்த அகப்பையை வாங்கிக் கிண்டத் தொடங்கினா. நான் முகம் கழுவிக்கொண்டு நின்றபோதுதான் நீர் வந்து கேட்டீர். மூன்று தரமும் எனக்குக் கேட்டது. மூன்று தரமும் வாயைத் திறந்தேன். அந்தப் பிரெஞ்சு ஆக்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள், உம்முடைய முகம் சிவந்து இருந்தது, எனக்குச் சத்தம் வரவில்லை. அவ கைப்பையைத் தூக்கிக்கொண்டு போனபோதும் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். ஐந்து மணித்தியாலம் இருந்தது. நான் அந்த ஐந்து மணித்தியாலமும் சனத்துக்குக் கறி பரிமாறினேன். எல்லாரும் இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார்கள். நல்லாயிருக்கு என்றார்கள்.

இன்னும் இருக்கிறது. பிரிவினைக்கு உருத்திரமூர்த்தி அண்ணை முதல் போட்ட படம் கிழக்கு, மேற்கு, வடக்கு என்றுதான் இருந்தது. நீரும் நானும் ஒரே பாடியில் இருந்தோம். மச்சாளுக்கு நடந்ததற்காகப் பத்துப் பன்னிரண்டு குடும்பம் கமலினி இருக்கிற பாடிக்கு நாங்கள் வரமாட்டோம் என்று நின்றது. ஒரே ஒரு வசனம் சொன்னால் அவர்கள் வாயை அடைத்திருக்கலாம். நான் அதைச் சொல்லவில்லை. சிவப்புப் பேனையை எடுத்து ஆற்றின்மேல் கோடு போட்டேன். அவர்களுக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். நீர் அந்தக் கரைக்குப் போய்விட்டால் கிழமைக்குக் கிழமை உம்முடைய முகத்தைப் பார்க்கத் தேவையில்லை என்பதுதான் காரணம். முரசுக்காகச் சொல்லிப் பார்த்தேன் என்று எழுதினதும் பொய். வாயே திறக்கவில்லை.

உம்முடைய நவம்பர் கடிதம் பிந்தினது மட்டும் உண்மை. ஆனால் அதை வாசித்தபோது எனக்கு வந்த முதல் எண்ணம், நல்லகாலம் பிந்தி வந்தது என்பது. அதற்காக என்னை நான் வெறுத்தேன். வெறுத்துக்கொண்டே உமக்குக் கூழ் காய்ச்சி அனுப்பினேன்.

நீர் மச்சாளிடம் போய் மன்னிப்புக் கேட்டதை வாசித்த பிறகு எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. செய்யாத பிழைக்கு நீர் வாசலில் நின்றிருக்கிறீர். என்மேல் மரியாதை கூடியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர். அந்த வரியை என்னால் இன்னொரு தரம் வாசிக்க முடியவில்லை.

இவருக்கு நேற்றுச் சொன்னேன். வெளியே போய் வாசல் பனியைத் தள்ளிக்கொண்டு நின்றார். தள்ளுவதற்கு அங்கே பனி இல்லை.

என்னை மன்னியும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

தாட்சாயினி

•

அஹுன்ட்சிக்
11 மே 2025

அன்புள்ள கமலி,

ஆறு கிழமை ஆகிவிட்டது. தபால் எல்லாருக்கும் ஒழுங்காக வருகிறது. கடிதம் கிடைக்கவில்லையோ என்று கேட்டு ஒரு பொய்ச் சாட்டு எழுத வெளிக்கிட்டேன், பிறகு விட்டுவிட்டேன். கிடைத்திருக்கும்.

நான் வடபாடிச் சமையல் பொறுப்பை விட்டுவிட்டேன். காரணம் முழங்கால் என்று சொல்லியிருக்கிறேன். பார்த்தீரா, அதற்கும் ஒரு பொய். மச்சாள் வீட்டுக்கு இரண்டு தரம் லொங்குய்ய் மெற்றோ வரைக்கும் வந்துவிட்டு, வெளியே ஏறாமல் அதே மஞ்சள் கோட்டு ரயிலில் திரும்பினேன்.

முரசை இவர் காரில் ஏற்றி வைத்திருக்கிறார். எப்போது கொண்டு வரட்டும் என்று கேட்கச் சொன்னார்.

தாட்சா

•

லொங்குய்ய்
15 ஜூன் 2025

தாட்சாயினி அவர்களுக்கு,

உங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தன. பதில் எழுத எனக்கு இவ்வளவு நாள் ஆனது. நான்கைந்து தடவை போனைக் கையில் எடுத்தேன். முகாம் காரியம் போனில் பேசக்கூடாது என்று சட்டம் போட்டவள் நான் என்பதால் வைத்துவிட்டேன். திட்டுவதற்குக் கடிதம் வசதிப்படாது, அது நல்லதாகப் போயிற்று.

முரசு அங்கேயே இருக்கட்டும். அது சபை எடுத்த தீர்மானம், காரில் ஏற்றி இறக்கி மாற்றுகிற விஷயம் இல்லை. சந்திரமௌலி வேறு பீப்பாய் பார்த்து வைத்திருக்கிறார்.

உங்கள் மார்ச் கடிதத்தை நான் மட்டும் வைத்துக்கொள்வது நியாயம் இல்லை என்று பட்டது. போன மாதம் றொஷினி வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து ஞானாம்பிகை அக்காவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தார், ஒரு இடத்திலும் கையை நிறுத்தவில்லை. நான் முடித்ததும், "கண்டனான்" என்றார். போத்தலை நீங்கள் மூடும்போதே பார்த்தாராம். பின் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஏன் ஐந்து மணி நேரம் அந்த வெயிலில் உட்கார்ந்தீர்கள் என்று கேட்டேன்.

"தாட்சா சொல்லுவா எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்" என்றார். "அந்த வாங்கில இருந்து பாத்தா அடுப்படி வடிவாத் தெரியும்."

சொல்லிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பொடியைப் பற்றி எனக்குக் கோபம் போய்விட்டது. நூற்றறுபது பேர் தட்டைக் காலி செய்ய வேண்டும் என்று ஒருத்திக்கு ஆசை வருவது எனக்குப் புரிகிறது. மிச்சக் கறியைக் கழுவிக் கொட்டியது நீங்கள், நான் இல்லை. அதை நான் என்றைக்காவது கேட்டேனா என்று யோசித்தேன், கேட்டதில்லை. வாயடைத்துப் போனதும் புரிகிறது, நான் அன்று கேட்ட விதம் அப்படி. வரைபடம்தான் எனக்குப் புரியவில்லை. பொடி போட ஒரு நிமிஷம் போதும். அந்தக் கோட்டை ஒரு மாதம் உட்கார்ந்து போட்டிருக்கிறீர்கள். நடுவில் எனக்குக் கடிதமும் எழுதியிருக்கிறீர்கள், அன்புடன் தாட்சா என்று. நல்ல யோசனை என்று நான் அதைப் பாராட்டினேன். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முகம் எரிகிறது. உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது இப்போதைக்குப் பொய்யாக இருக்கும். நமக்குள் பொய் போதும்.

மிளகாய் போட்டதற்கு நாம் இருவரும் சேர்ந்து எழுதிய விதி இருக்கிறது. கோடு போட்டதற்கு விதி எழுதவில்லை. அதற்கு ஒரு விதியை நாம் இருவரும் உட்கார்ந்து எழுதுவோம் என்றும் தோன்றவில்லை.

ஜூலை 12, சனிக்கிழமை, தென்பாடியின் முதல் முகாம். அதே பண்ணை, அதே கயிறு. மற்ற இரண்டு பாடியிலிருந்தும் தலைக்கட்டுகளை அழைத்திருக்கிறோம், அந்தப் பிரெஞ்சுக் குழுவையும் அழைத்திருக்கிறேன். சேமக்கலத்துக்குப் பதில் பழைய பித்தளைத் தாம்பாளம் ஒன்று வாங்கியிருக்கிறோம். சமையல் ஞானாம்பிகை அக்கா. நீங்கள் எதுவும் கொண்டு வர வேண்டாம்.

காலையில் சபை கூடும். நான் எழுந்து, விசாரிக்காமல் ஒருவரை வெளியே அனுப்பினேன் என்று சொல்லிவிட்டு, கயிற்றைத் தாண்டிப் போய் மத்தியானம்வரை அந்த வாங்கில் உட்காருவேன். இது அக்கா கேட்டது இல்லை, நானே போட்டுக்கொண்டது. மத்தியானம் நீங்கள் எழுந்து உங்களுடையதைச் சொல்லிவிட்டு வந்து உட்காரலாம், தாம்பாளம் அடிக்கும்வரை. சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். நான் பெயர் சொல்ல மாட்டேன், அக்காவும் சொல்ல மாட்டார். இரண்டு பேரும் ஒன்றாக உட்கார வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தால் நான் பேசிவிடுவேன், எனக்கு இன்னும் பேச வரவில்லை.

தாம்பாளம் அடித்த பிறகு கயிற்றுக்கு உள்ளே இலை போட்டிருக்கும்.

மத்தியானத்துக்குப் பிறகு அந்த வாங்கில் நிழலே இல்லையாம், அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். குடை கொண்டு வா.

கமலினி